முடியாது, ஸ்தோத்திரம்!

புனே மாநகரத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் 'முடியாது' என்ற சொல்லை முழுதாக உச்சரிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். கோர்படியில் இருக்கும் எங்கள் சபையில் அவருக்கு முடியாது ஆன்ட்டி என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு ஏதாவது இருக்கும். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

இதன் அருமை புரிய வேண்டுமானால், மற்றவர்களான நாங்கள் எப்படி மறுப்போம் என்று தெரிய வேண்டும். ஒரு காரியம் பிடிக்கவில்லை என்றால் "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்போம். அறவே பிடிக்கவில்லை என்றால் "கர்த்தருக்குச் சித்தமானா பார்க்கலாம்" என்போம். பழியைத் தூக்கி மேலே போட்டுவிட்டால் கேட்டவருக்கும் வருத்தமில்லை, நமக்கும் சங்கடமில்லை. அவர் ஒன்றும் இறங்கி வந்து மறுக்கப்போவதில்லை.

ஆன்ட்டி இந்த வழிக்கே வரமாட்டார். கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒண்டியாக இருப்பவர். அதனால் அவருக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம். அறுப்பின் பண்டிகை விருந்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்த கமிட்டிக்காரர் ஒருமுறை அவரிடம் போனார்.

"முடியாது, ஸ்தோத்திரம்."

"உடம்பு சரியில்லையா ஆன்ட்டி?"

"நல்லா இருக்கேன்."

"எங்கயும் ஊருக்குப் போறீங்களோ?"

"இல்லியே. வீட்லதான் இருப்பேன்."

"அப்புறம் என்ன காரணம்?"

"காரணம் ஒண்ணுமில்ல. முடியாது, அவ்ளோதான்."

கமிட்டிக்காரர் இடிந்துபோய்விட்டார். பொய்யாகவாவது ஒரு காரணம் கிடைத்திருந்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பார். அந்த வாரம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், கடினப்பட்ட உள்ளம் ஒன்று இளகும்படி, பெயர் சொல்லாமல் ஜெபித்தார்கள். எல்லோரையும் விட உரக்க ஆமென் சொன்னது ஆன்ட்டிதான்.

ஒன்றும் செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பிரஷர் பார்ப்பார். அது அவராக ஒப்புக்கொண்டது. எந்த மழையிலும் தவறியதில்லை.

நான் இதற்கு நேர் எதிர். ஞாயிறு பள்ளியா, சரி. பாடகர் குழுவா, சரி. எங்கள் வாகட் பக்கம் வரும் கிறிஸ்துமஸ் கேரல் கூட்டத்துக்குச் சாப்பாடா, சரி. ஒருமுறை தப்பான நம்பருக்குப் போன் செய்த ஒருவருக்கும் எதற்கோ சரி சொல்லிவிட்டேன். இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. டாக்டர் மராத்தி, இந்தி, இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் ஓய்வு எடுக்கச் சொன்னார். 'ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்' என்று என் கணவர் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நினைத்துக்கொண்டிருந்தால் போதாதா? புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

நோயாளியைப் பார்க்க எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, ஒரு ஜெபம், ஒரு டீ. கோர்படியிலிருந்து வாகட் வருவதென்றால் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. அதனால் யாரும் தனியாக வருவதில்லை, வண்டி பிடித்துக் கூட்டமாக வருவார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரே பாட்டோடு எழுந்திருக்க யாருக்கு மனம் வரும்? ஒரு கூட்டம் ஆமென் சொல்லும்போதே அடுத்த கூட்டம் லிஃப்டில் ஏறும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு சிரிப்பேன். "டயர்டா இருக்கா?" என்பார்கள். "சேச்சே" என்பேன். ஒரு பாட்டுக்குக் கைகூடத் தட்டினேன்.

கை தட்டியதில் தையல் விட்டுக்கொண்டது. காய்ச்சலும் வந்தது. இன்னொரு நாள் இப்படிப் போனால் மறுபடி அட்மிஷன்தான், மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டியதுதான் என்றார் டாக்டர். மறுநாள் பாடகர் குழு வருவதாகச் சொல்லியிருந்தது. கீபோர்டோடு. வராதீர்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, கணவருக்கும் வரவில்லை.

"ஜெபிச்சுட்டுச் சொல்றோம்னு சொல்லிப் பாரேன்" என்றார் அவர். ஜெபிக்க வருகிறவர்களிடம் அதை எப்படிச் சொல்வது?

எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு முடியாது ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். "ஆன்ட்டி, நாளைக்கு ஒரு நாள் இங்க வர முடியுமா?" என்று கேட்டுவிட்டு அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"வர்றேன்" என்றார். காரணம் கேட்கவில்லை.

வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. கணவரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, வெளியே லிஃப்டுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கணவர் டீ கொண்டுபோனார்.

"முடியாது. நீயும் போய்ப் படுப்பா."

படுக்கையறை வரை எல்லாம் கேட்டது. லிஃப்ட் திறந்தது. பாடகர் குழு.

"சிஸ்டருக்காக ஒரே ஒரு பாட்டு மட்டும், ஆன்ட்டி..."

"முடியாது, ஸ்தோத்திரம். அவ தூங்கணும். கீழ பார்க்கிங்ல நின்னு ஜெபம் பண்ணுங்க. மாடி ஏறி வந்து பண்ணினாதான் கர்த்தருக்குக் கேட்கும்னு இல்ல."

பார்க்கிங்கில் பாடினார்கள். இரண்டாவது சரணத்தில் வாட்ச்மேன் வந்து நிறுத்தினார்.

மத்தியானம் ஐயரே வந்துவிட்டார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். கணவர் பதறிப்போய்க் கதவைத் திறக்க ஓடினார். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"முடியாது ஐயரே."

"நான் ஐயரும்மா."

"தெரியுது. அதான் ஐயரேன்னு கூப்பிட்டேன்."

"வியாதியா இருக்கிறவங்களைப் போய்ப் பார்க்கணும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரேம்மா."

"சொன்னவர்தான் ஒரு நாள் காலைல எல்லாரையும் விட்டுட்டுத் தனியா ஜெபம் பண்ணப் போனார். எல்லாரும் உம்மைத் தேடுறாங்கன்னு பேதுரு போய்ச் சொன்னார். திரும்பி வந்தாரா? வாங்க, அடுத்த ஊருக்குப் போகலாம்னுட்டார். புயல் அடிக்கும்போது படகுல தலையணை வச்சுத் தூங்கினார். அவர் தூங்கலாம், இந்தப் பொண்ணு தூங்கக் கூடாதா?"

பிறகு ஆன்ட்டியே மறுபடி கேட்டார்.

"நீங்க கடைசியா எப்ப ஐயரே மத்தியானம் தூங்கினீங்க?"

ஐயர் யோசித்தார் போலிருக்கிறது. பதில் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் நிம்மதியான முதல் தூக்கம். கணவர் கதவில் இருந்த கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாராம். ஆன்ட்டி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நாற்காலியில் ஐயர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

தையல் ஆறிவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஐயர் இப்போதெல்லாம் திங்கட்கிழமை போனை எடுப்பதில்லை. கமிட்டி இதற்காகப் பாரத்தோடு ஜெபித்து வருகிறது.

நானும் முடியாது என்று சொல்லப் பழகிவிட்டேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது, ஸ்தோத்திரத்தைச் சேர்த்துக்கொண்டால் கொஞ்சம் குறைகிறது. ஆன்ட்டி மட்டும் என்னிடம் இதுவரை எதுவுமே கேட்டதில்லை. ஒரு நாள் கேட்கட்டும். ஜெபிக்காமலே சரி என்று சொல்லிவிடுவேன்.