ஜப்பான் பாஷை அறிந்த பொங்கியண்ணன்

மலையாளச் சீமையிலுள்ள முதலமடையின் மாங்காய் வியாபாரி பொங்கியண்ணன் ஒரு முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மண்ணார்க்காட்டில் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தாட்ட ஃபைனலை, உலகமே எதிர்த்தாலும் பார்த்தே தீருவது.

உலகம் எதிர்க்கவில்லை. பொன்னாத்தாள் எதிர்த்தாள்.

"அன்னிக்கு என்ற அண்ணன் குடும்பத்தோட விருந்துக்கு வருது. நீங்க பந்து பாக்கப் போனா பந்திய யாருங்க பாக்கறது?"

மனைவியின் மனதை மாற்றக்கூடிய ஒரே ஆள் ஜப்பானில் இருந்தார். பெயர் மிகாவா. ஓய்வுபெற்ற பந்தாட்டக்காரர். அவர் கோல் அடித்த காலத்தில் பொங்கியண்ணன் வீட்டில் பொங்கியண்ணன் ஒருவர்தான் ரசிகர். இப்போது மிகாவா தன் வீட்டில் பாத்திரம் கழுவித் துடைத்து வீடியோ போடுகிறார். லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். கமெண்டில் பாதி மலையாளம். முதலமடைப் பெண்கள் ஒரு தட்டைக்கூடத் தவறவிடுவதில்லை.

"அந்த மனுசன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பாள் பொன்னாத்தாள்.

ஆனால் அவர் பேசுவது ஜப்பான் பாஷை. அது தெரிந்தவர் ஊரிலேயே பொங்கியண்ணன்தான். அவரே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு ஒரு ஜப்பான் வியாபாரி மாங்காய் மண்டிக்கு வந்து, பழம் தின்றுவிட்டு "அரிகத்தோ" என்று நன்றி சொன்னார். இன்னொரு பழம் அரியக் கத்தி கேட்கிறார் என்று பொங்கியண்ணன் கத்தியை நீட்ட, வந்தவர் ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டார். புலமை அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பொன்னாத்தாளே போனை நீட்டினாள்.

"ஏனுங்க, புது வீடியோ. என்னமோ சொல்றாரு. அர்த்தம் சொல்லுங்க."

திரையில் மிகாவா ஒரு தட்டைத் துடைத்து வைத்தார். குனிந்து வணங்கினார். ஒவ்வொரு சொல்லையும் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கிப் பேசினார். பொங்கியண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

"பழைய ஜப்பான் பாஷை, புள்ள. லேசுல புரியாது."

"என்னங்கறாரு?"

"ஞாயித்துக்கெழம பந்து பாக்கப் போற புருசனைத் தடுக்கற ஊடு வெளங்காதுங்கறாரு."

"அப்படியேவா சொல்றாரு?"

"அச்சு அசலா."

"ஞாயிறுன்னு என்னமோ சொன்னது எனக்கே கேட்டுச்சுங்க."

"பாத்தியா! உனக்கே ஜப்பான் வர ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப இன்னொருக்கா கேக்கலாமுங்க."

சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓடவிட்டாள்.

'ஞாயராழ்ச்ச... பாத்ரம்... ஞான்... கழுகும். நிங்ஙளோ, சேட்டா?'

பிறந்தது முதல் மலையாளம் கேட்டு, மலையாளத்தில் மாங்காய் விற்ற பொங்கியண்ணன் போனை உற்றுப் பார்த்தார்.

"இது மலையாளமாட்ட இருக்குதே?"

"மலையாளமே தானுங்க. இந்தப் பக்கம் ரசிகருக சாஸ்தியாம். உங்க பாஷைல ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, பேசறேன்னாரு. ஆளாளுக்கு எழுதிப் போட்டாங்க. அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டாரு."

"ஞாயித்துக்கெழம பாத்திரம் நாங் கழுவுவேன், நீங்க எப்படிங்கண்ணாங்கறதா? எவன் எழுதுனான் அதை?"

"எவனும் இல்லீங்க. நாந்தானுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்ணார்க்காட்டில் யார் ஜெயித்தார்கள் என்று பொங்கியண்ணனுக்குத் தெரியாது. மைதானத்திலிருந்து கூட்டாளிகளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத்தான் கை காயவில்லை.