தார்ப்பாய்க் கடையில் ஜாஸ்

பாட்டுக் கேட்பவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது பாட்டைக் கேட்கவைப்பவர்களைப் பற்றி. நீங்கள் ஏதோ வேலையாகப் போயிருப்பீர்கள். அவர்களோ நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் டீயைத் திணித்து, சத்தம் இடைஞ்சல் என்று மின்விசிறியை நிறுத்தி, “ரெண்டே நிமிஷம், இத மட்டும் கேட்டுட்டுப் போங்க” என்று பாட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் அந்தப் பாட்டையும் கேட்க விடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். தப்பிக்க முடியுமா? முடியாது. டீ கொதிக்கும்.

நன்னிலம் கடைத்தெருவில் கயிறு, வாளி, தார்ப்பாய் விற்கும் ஃபாஜில் இந்த இனத்தில் முதல் தரம். பத்து வருஷம் தோஹாவில் வேலை பார்த்துத் திரும்பும்போது மற்றவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். இவர் இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் கொண்டுவந்தார்.

போன மாதம் ‘ஐந்தாம் பிளாட்பாரம்’ என்ற சென்னை ஜாஸ் குழு, ‘உப்பும் மின்சாரமும்’ என்று புது ஆல்பம் வெளியிட்டது. சாக்ஸபோன், பேஸ், ட்ரம்ஸ். கூடவே சினிமாப் பின்னணி போல வயலின் கூட்டம். நடுநடுவே கம்ப்யூட்டரில் பிறந்த விர்ரும் டொய்ங்கும். நல்ல ஆல்பம்தான். பாவம், ஃபாஜிலிடம் மாட்டிக்கொண்டது.

“இது வெறும் ஜாஸ் இல்லீங்க. கண்ண மூடுங்க, படம் ஓடும்.”

உரக்கடை மீரா உசேன் கண்ணை மூடினார். குறட்டை வந்தது. “பாத்தீங்களா, எவ்வளவு ஆழமா உள்ள போயிட்டாரு!” என்றார் ஃபாஜில்.

“வர்றவங்க வாளி வாங்க வர்றாங்க,” என்று கல்லாவிலிருந்து அவர் மனைவி பர்வின் சொல்லிப் பார்த்தார்.

“வாங்கட்டும். காது சும்மாதானே இருக்கு?”

குறுவை அறுப்பு சமயம். ஒரு மத்தியானம் காளியம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றார். இரண்டு ஏக்கர் நெல்லை அறுத்துச் சாலையோரம் காயப்போட்டிருந்தார். மேற்கே மேகம் கன்னங்கரேல் என்று திரண்டிருந்தது.

“பாய், பெரிய தார்ப்பாயா ஒண்ணு குடுங்க. சீக்கிரம்.”

“இந்தா எடுத்துட்டேன் அக்கா. அதுக்குள்ள இத…”

“மழை வருது பாய்.”

“நாலாவது பாட்டுலயும் மழைதான் வருது! எல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்ணிருக்காங்க. உக்காருங்க.”

தார்ப்பாய் ஃபாஜிலின் கக்கத்தில் இருந்தது. மற்றக் கை உயர்ந்து நின்றது. “இப்ப பேஸ் இறங்கும்… வயலின் வருது பாருங்க… இருங்க, ட்ரம்ஸ் இனிமேதான்…” காளியம்மாள் கையை நீட்டும்போதெல்லாம் தார்ப்பாயும் பேச்சோடு சேர்ந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கடையின் ஷட்டர் அதிர்ந்தது.

“கேட்டீங்களா! என்னா ட்ரம்ஸ்!”

“அது இடிங்க,” என்றார் பர்வின்.

கரண்ட் போயிற்று. பாட்டு நின்றது. ஃபாஜில் நிற்கவில்லை. இருட்டில் ஸ்பீக்கர் செய்யவேண்டியதையும் தன் வாயாலேயே செய்துகொண்டிருந்தார்.

“நாலு மாசம் பாய்,” என்றார் காளியம்மாள். குரல் உயரவே இல்லை. “நாலு மாசமா சேத்துல கெடந்து எடுத்த நெல்லு.”

ஃபாஜிலின் உயர்ந்த கை கீழே இறங்கியது. அந்த வருஷத்தில் அவர் முழுசாகக் கேட்ட முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். இன்னும் இரண்டு தார்ப்பாயை உருவிக்கொண்டு, காளியம்மாளைப் பின்னால் ஏற்றி வண்டியைக் கிளப்பினார். பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் நெல்லைக் குவித்து மூடினார்கள். காற்று தார்ப்பாயைத் தூக்கியது. ஃபாஜில் அதன் மூலையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம், கொட்டும் மழையில், பேசாமல்.

மூன்று மூட்டை அளவு நனைந்து போயிற்று.

“இது என்னாலதான் அக்கா.”

“ஆமா,” என்றார் காளியம்மாள். வேறு ஆறுதல் கொடுக்கவில்லை.

ஈர நெல்லைத் தன் வீட்டு மாடிக் கூடத்தில் பரப்பி, மூன்று நாள் கிளறிக் கிளறிக் காயவைத்தார் ஃபாஜில். எடுத்துப்போக வந்த காளியம்மாளுக்குக் கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது.

“அன்னிக்குப் போட்டீங்களே, அந்தப் பாட்டு எப்படித்தான் பாய் முடியுது?”

ஃபாஜில் வாயைத் திறந்தார். யோசித்தார். ஒன்றும் வரவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்தார் அல்லவா?

போட்டார்கள். பர்வினும் சேர்ந்து மூன்று பேரும் கேட்டார்கள். கடைசியில் எல்லா இரைச்சலும் அடங்கி, சாக்ஸபோன் மட்டும் தனியாக, யாரையோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்தது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் காளியம்மாள். “நீங்க பேசாததால தெரிஞ்சுது.”

ஃபாஜில் திருந்திவிட்டாரா? மேகம் கறுத்த நாட்களில் திருந்தியிருக்கிறார். வெயில் நாட்களில் கயிறு வாங்கப் போகிறவர்கள் நின்றபடியே வாங்கிக்கொள்வது நல்லது.

சிரித்தீர்கள்தானே? சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரை நிறுத்தி, “இந்த இடத்தைக் கேளேன்” என்று இரண்டு வரி உரக்கப் படித்தும் காட்டினீர்கள். அவர் உங்களிடம் ஏதோ அவசரமாகச் சொல்ல வந்தாரே, அது என்ன?