பத்து இலக்கம் அழுத்திய படலம்

"உனக்கு வாய் இருக்கா, இல்ல பென்சிலால வரைஞ்சு வெச்சிருக்காங்களா?" என்று ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர், நாற்பத்தொரு பேர் கொண்ட பேரவையின் நடுவே ஒருநாள் கேட்ட கேள்விக்கு இன்றளவும் விடை பகராத மௌனப் பெருந்தகை, வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' என்னும் ஒற்றைச் சொல்லைத் தொண்டைக்குள்ளேயே சிறைவைத்து, மூன்றாவது பெஞ்சில் முழு உருவமாக வீற்றிருந்தபடியே பதிவேட்டில் அறுபத்தேழு நாள் விடுப்பெடுத்த விந்தைக்காரி, அவ்வாண்டின் முடிவில் பள்ளிப் படிக்கட்டை விட்டு இறங்கி, அதன்பின் அந்தப் படிக்கட்டு இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றுவழி போகத் தொடங்கிய நெடுவழிச் செல்வி, அகவை பதினாறு, கூடப் பிறந்த தங்கையால் 'சைலன்ட் மோட்' என்று பட்டம் கட்டப்பெற்றவள், அத்தகைய நம் தலைவி வாழ்க. அவள் கடித்துத் தீர்த்த நகங்கள் பத்தும் வாழ்க. அவள் ஒரு வியாழக்கிழமைப் பிற்பகலில், உள்ளங்கை அளவே ஆன கைபேசி என்னும் கருங்கோட்டையை முற்றுகையிட்ட வரலாற்றை உள்ளது உள்ளபடி உரைக்கப் புகுகிறோம்.

போர் மூண்ட காரணம் இது. பள்ளியை விட்டாலும் படிப்பை விடாத நம் தலைவி, பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பும் குனிந்து படிக்க வேண்டிய எழுத்தில், ஒரு விதி பதுங்கியிருந்தது: விண்ணப்பதாரர் குறித்த நாளுக்குள் தேர்வு அலுவலகத்துக்குத் தாமே தொலைபேசியில் பேசி, தம் விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் உறுதி செய்ய வேண்டும், தவறினால் விண்ணப்பம் ரத்து. பூகோளமோ அல்ஜீப்ராவோ அச்சுறுத்தாத அவளை 'தாமே' என்ற அந்த இரண்டெழுத்துச் சொல் அச்சுறுத்தியது.

சென்ற ஆண்டு இதே விதியை எதிர்த்துக் களம் புகுந்தவள் அவளுடைய அம்மா. அந்த அம்மையார் பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலில் பணிபுரிபவர். ஒலிபெருக்கி பழுதான நாள்களில் ஏழு நடைமேடைகளுக்கும் தம் சொந்தத் தொண்டையாலேயே பேருந்து எண்ணை அறிவித்து, தூங்கிய ஓட்டுநர்களையும் எழுப்பியவர். பல் டாக்டரிடம் மகளின் பல்வலியைச் சொன்னவரும், செருப்புக் கடையில் மகளின் கால் அளவைச் சொன்னவரும், பக்கத்து வீட்டார் "பாப்பா எப்படி இருக்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கா" என்று சொன்னவரும் அவரே. ஆகவே தேர்வு அலுவலகத்துக்கும் அவரே பேசினார். விண்ணப்பதாரர்தான் பேச வேண்டும் என்றார்கள். "நான்தாங்க அந்தப் பொண்ணு" என்று முழங்கினார். "இந்தக் குரலுக்கே நாப்பத்தஞ்சு வயசு இருக்கும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். ஒரு வருடம் போயிற்று.

இந்த வருடமும் போனால் அடுத்த வருடம் பாடத்திட்டமே மாறுகிறது. இரண்டு ஆண்டுகளாக அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, அட்டை இரண்டு முறை மாற்றி ஒட்டிய ஐந்து புத்தகங்களும் ஒரே நாளில் எடைக்குப் போகும் காகிதமாகிவிடும். உறுதி செய்யக் கடைசி நாள் அந்த வியாழன். அலுவலகம் மூடும் நேரம் மாலை நான்கு.

இனிப் பகைவனின் பெருமையைக் கேளுங்கள். அவன் பெயர் 'ஒருவேளை'. கண்ணுக்குப் புலப்படாத பேரரசன். ஒரு வேளை உணவும் உண்ணாமல் மூவேளையும் உழைப்பவன். ஒருவேளை குளறிட்டா, ஒருவேளை அவங்க சிரிச்சிட்டா, ஒருவேளை எண்ணை மறந்துட்டா, ஒருவேளை "சத்தமா பேசும்மா"ன்னு சொல்லிட்டா என்று அவன் ஏவும் காலாட்படைக்குக் கணக்கில்லை. அவன் வரும்போது நம் தலைவியின் உள்ளங்கைகளில் வெள்ளம் பெருகும். நாக்கு தன் தேசத்தைத் துறந்து அண்ணத்தில் அடைக்கலம் புகும். போன மாதம் வயிற்றுவலி என்று போனபோது மருத்துவர் வயிறெங்கும் தட்டிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணுமில்ல, பயம் போய் உக்காந்திருக்கு" என்றார். நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு, பயத்தைத் துரத்தாதே, அது இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய், முன்கூட்டியே பழகிப் பார் என்று அதில் போட்டிருந்தது.

பழகிப் பார்க்கும் பொறுப்பைத் தங்கை ஏற்றாள். பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த, பன்னிரண்டு வயதே ஆன அந்தப் போர்ப்பயிற்சி ஆசான், சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு தேர்வு அலுவலகமாக உருமாறினாள். பேச வேண்டியதை இன்னொரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டார்கள்: இடப்பக்கம் 'அவங்க', வலப்பக்கம் 'நான்'. திங்களும் செவ்வாயும் கடும் பயிற்சி நடந்தது.

"ஒருவேளை நான் தப்பா சொல்லிட்டா?" என்றாள் தலைவி.

"சரி, அப்புறம்?"

"சிரிப்பாங்க."

"சரி, அப்புறம்?"

"வெச்சிடுவாங்க."

"அப்புறம்?"

"திரும்ப போன் பண்ணணும்."

"அவ்ளோதானா? இதுக்கா ஒரு மாசமா சோறு எறங்கல உனக்கு?"

புதன்கிழமை ஆசான் கலகம் செய்தாள். "எப்பப் பாத்தாலும் நான்தான் ஆபீஸா? போர் அடிக்குதுக்கா. இன்னிக்கு நீ ஆபீஸ், நான் நீ" என்று சீப்பை அக்காவிடம் எறிந்துவிட்டு, உதட்டை மடித்து, தரையைப் பார்த்து, அக்காவைப் போலவே முனகத் தொடங்கினாள். அப்போது ஒரு புதுமை நிகழ்ந்தது. சீப்பைக் காதில் வைத்த தலைவி, "வணக்கம், தேர்வுப் பிரிவு. பதட்டப்படாம சொல்லுங்க, நான் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்று வழுக்கும் தரையில் சோப்பு போவதுபோலச் சொல்லிவிட்டாள். அந்தச் சுகத்தில் அன்று முழுவதும் பதினேழு முறை ஆபீஸாக இருந்தாள். அதுதான் பின்னால் வினையாயிற்று.

வியாழன் வந்தது. முன்னறையின் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் கோட்டை, பக்கத்தில் தாள், தண்ணீர், ஒரு பேனா, அது எழுதாவிட்டால் எடுப்பதற்கு இரண்டாவது பேனா. வாயிற்காவலுக்குத் தங்கை. சமையலறைக் கதவுக்குப் பின்னால், சீருடைப் புடவையைக் கட்டி முடித்து, மூன்று மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அம்மா. 'ஒரு வார்த்தை பேச மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்' என்று மகள்கள் இருவரும் காலையில் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். சத்தியத்தைக் காக்கும் பொருட்டு அந்த ஏழு நடைமேடைக் குரலுடையார் கைப்பிடித் துணியை முறுக்கிக்கொண்டிருந்தார். துணி ஏற்கெனவே காய்ந்த துணி.

மணி இரண்டு. நாலு எண்ணி மூச்சை இழுத்தாள் தலைவி. விடும்போது ஆறில் நிறுத்த மறந்து பதினொன்று வரை போய் இருமினாள். கழிவறைக்கு மூன்று யாத்திரை நடந்தது. இரண்டு இருபதுக்கு முதல் படையெடுப்பு: ஒன்பது இலக்கங்களை அழுத்திப் பத்தாவதின் வாசலில் படை பின்வாங்கிற்று. இரண்டு முப்பதுக்கு இரண்டாவது: பத்தும் அழுத்தி, மறுமுனை வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. அந்தக் கணத்தில் தலைவியின் முகத்தில் தோன்றிய பேரொளியை என்னென்று வருணிப்போம். எதிரி ஊரில் இல்லை என்று கேள்விப்பட்ட அரசன் முகம்தான் அப்படி மலரும்.

"பிஸியாம்" என்றாள்.

"சந்தோஷப்படாத. திரும்பப் போடு" என்றாள் காவலாளி.

இரண்டு ஐம்பது. அம்மாவின் பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம். கதவுக்குப் பின்னால் துணி முறுக்கும் ஓசை உயர்ந்தது. ஒருவேளை மன்னன் தன் நால்வகைப் படையையும் அடிவயிற்றில் இறக்கிவிட்டு, வெளியேற மறுத்துக் கால்மேல் கால் போட்டு அமர்ந்தான். சரி, உக்காந்துக்கோ என்று நினைத்துக்கொண்டு, அவனை மடியில் வைத்தபடியே, ஒன்று, இரண்டு என்று பத்து இலக்கத்தையும் மூன்றாம் முறை அழுத்தினாள். மணி அடித்தது. நான்கு முறை அடித்தது. எடுத்தார்கள்.

எடுத்தவர்கள் பேசவில்லை.

தாளில் முதல் வரி 'அவங்க' வரி. அவங்க 'வணக்கம்' சொல்ல வேண்டும். அதன்பிறகே 'நான்' வரி. அவங்க சொல்லாத நிலைக்கு அந்தச் சாசனத்தில் ஏற்பாடு இல்லை. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வினாடி யுகமாயிற்று. இரண்டு வினாடி இரண்டு யுகமாயிற்று. மூன்றாவதில், பழகிய தடத்தில் தானாக ஓடும் குதிரைபோல, நம் தலைவியின் நாக்கு அண்ணத்தை விட்டுப் பாய்ந்து இடப்பக்கப் பத்தியை ஏறி மிதித்தது.

"வணக்கம், தேர்வுப் பிரிவு. பதட்டப்படாம சொல்லுங்க, நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."

வாசலில் தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். சமையலறையில் துணி முறுக்குவது நின்றது.

மறுமுனையில் ஓர் இளம்பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "மேடம், சாரி மேடம். நான் புதுசு. சேர்ந்து மூணு நாள்தான் ஆகுது. போன் எடுத்தா என்ன சொல்லணும்னு ஒரு பேப்பர் குடுத்திருந்தாங்க, அத யாரோ டீ கிளாஸுக்கு அடியில வெச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க மேலாபீஸ்லேருந்து செக் பண்றீங்களா மேடம்?"

இரு பெரும் சேனைகள் மோதிக்கொள்ளப் புறப்பட்டு, புழுதி அடங்கியதும் பார்த்தால் இருபக்கமும் ஓடுவதற்கு வழி தேடிக்கொண்டிருந்த காட்சி வேறெங்கேனும் நிகழ்ந்திருக்குமோ அறியோம். இங்கே நிகழ்ந்தது. தப்பிக்க இரண்டு பாதைகள் திறந்திருந்தன: சிவப்புப் பொத்தானை அழுத்திவிடலாம்; அல்லது 'ஆமா, செக்தான் பண்றேன்' என்று மேலாபீஸாகவே இருந்துவிட்டு வெற்றியோடு திரும்பலாம். மேலாபீஸுக்குக் குரல் நன்றாகவே வந்தது. ஆனால் மேலாபீஸ் பத்தாம் வகுப்பு எழுத முடியாது.

"இல்லங்க" என்றாள் தலைவி. குரல் பாதியில் உடைந்தது. உடைந்த குரலோடே சொன்னாள். "நான் மேடம் இல்ல. நான்தான் போன் பண்ணது. நீங்க பேசலையா, அதான் உங்களுது நான் பேசிட்டேன். எனக்கு என் விண்ணப்பத்தை உறுதி பண்ணணும்."

மறுமுனை மூச்சு விட்டது. ஆறு எண்ணும் அளவுக்கு நீண்ட மூச்சு.

"அய்யோ, வயித்தக் கலக்கிட்டீங்க" என்றது. "சரி, நம்பர் சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க, எனக்குக் கை நடுங்குது."

"எனக்கும்தான்."

எட்டு இலக்க எண்ணை, ஒன்றின்பின் ஒன்றாக, யானைகளை ஓடையைக் கடக்கவைப்பதுபோல அவள் அனுப்பினாள். ஐந்தாவது யானை வழுக்கிற்று. ஆறுக்கு ஒன்பது என்றுவிட்டாள். 'ஒருவேளை தப்பா' என்று மடியிலிருந்தவன் எழுந்தான். "தப்பு, ஆறு" என்றாள். "ஆறா? சரி, அடிச்சுட்டேன்" என்றது மறுமுனை. பிறந்த தேதி சொல்லப்பட்டது. "பேசுறது நீங்கதானே?" என்று விதிப்படி கேட்கப்பட்டது.

"நான்தான்" என்றாள்.

அது அவள் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த 'உள்ளேன்' என்பதைக் காட்டிலும் ஓரெழுத்தும் பெரிதல்ல. ஆயினும் சுவர்க்கடிகாரம் கேட்டது. பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டது. தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார் என்றால் அது மிகையாகாது.

"உறுதி ஆயிடுச்சு. மெசேஜ் வரும்" என்றது மறுமுனை. பிறகு சற்றுத் தயங்கி, "அந்த மொத வரி என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்களேன், எழுதிக்கிறேன்" என்றது. தலைவி சொன்னாள். மறுமுனை எழுதிக்கொண்டது. மெசேஜும் வந்தது. விண்ணப்ப எண் சரியாக இருக்கிறதா என்று தங்கை படிக்க, தலைவி பார்க்க, பிறகு தலைவி படிக்க, தங்கை பார்க்க, நான்கு முறை சரிபார்க்கப்பட்டது. ஒருவேளை மன்னன் இன்னும் போகவில்லை. ஹால் டிக்கெட் தபாலில் தொலைஞ்சிட்டா என்று அடுத்த போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். அவன் தொழில் அது.

சமையலறைக் கதவு திறந்தது. மூன்று மணிப் பேருந்து போய் ஐந்து நிமிடமாகியிருந்தது. ஓட்டுநர்களை உறக்கத்திலிருந்து எழுப்பியவரும், ஒரு மகளுக்கான சொற்களை எல்லாம் பதினாறு ஆண்டுகளாகத் தாமே பேசித் தீர்த்தவருமாகிய அம்மையார் அவ்வாசலில் எழுந்தருளினார். முறுக்கிய துணி கையில் இருந்தது. இரு மகள்களும் நிமிர்ந்து நோக்கினர். வெற்றி முழக்கமோ, ஆனந்தப் பேருரையோ, 'சத்தமா பேசியிருக்கலாம்ல' என்னும் விமர்சனமோ, மூன்றும் சேர்ந்த பெருமழையோ, எது பொழியுமோ என்று அறையே செவியாகிக் காத்திருந்தது.

அம்மா துணியைக் கொடியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எதுவும் பேசாமல் வேலைக்குப் போனாள்.