கக்கூசுக்கு இருபத்தொரு புள்ளி

பெல்மதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் லயத்து வீட்டு வரிசைக்குக் கக்கூசு கட்டிக்கொடுப்பதென்று, 2007ஆம் ஆண்டு ஓர் அபிவிருத்தி அலுவலகம் திருவுளம் கொண்டது. அங்கே பன்னிரண்டு குடும்பங்கள் அதுவரை தேயிலைக்குள்தான் ஒதுங்கின. அட்டைக்கடி இலவசம்.

திட்ட அதிகாரி நிரஞ்சன் கொழும்பில் மூன்று நாள் பயிற்சி பெற்றவர். கம்ப்யூட்டர் கம்பெனிகளின் புது முறையாம். காலையில் நின்றுகொண்டே கூட்டம் போட வேண்டும். எந்த வேலைக்கும் முதலில் புள்ளி போட வேண்டும். வேலை எவ்வளவு கடினமோ அவ்வளவு பெரிய எண்ணுள்ள சீட்டை ஒவ்வொருவரும் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு புள்ளிக்கு நாலு நாள் அவகாசம். எல்லார் எண்ணும் ஒத்துவரும்வரை பென்சிலைத் தொடக்கூடாது. உலை வைக்குமுன் இலை எண்ணும் இந்தக் கூத்துக்குத் திட்டமிடல் என்று பெயர்.

கக்கூசு எப்போது வரும் என்று கேட்க வந்த மேல் லயத்துக் கொழுந்துக்காரி மருதாயி, தோட்டத்தில் விடியலில் ஆள் எண்ண நிறுத்துவதுபோல் வரிசையாக நின்றவர்களைப் பார்த்து, "இங்கயும் காலப் பெரட்டா?" என்றாள்.

அலுவலகத்தில் படம் வரையும் சதீஸ் அந்த லயத்திலேயே பிறந்தவன். கூட்டம் முடிவதற்குள், அரை மணி நேரத்தில், கக்கூசுப் படத்தை வரைந்தே விட்டான்.

"புள்ளி போடாம வரைஞ்சது படமே இல்ல," என்றார் நிரஞ்சன். "முதல்ல சீட்டத் தூக்குங்க."

சதீஸ் இருபத்தொன்றைத் தூக்கினான். அதற்கு மேல் சீட்டு இல்லை.

மருதாயி அவனை வெளியே இழுத்தாள். "ஏன்டா, அர மணி நேர வேலைக்கா இந்தக் கணக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாததா அக்கா? எங்கம்மா ஒரு நாளு இருபத்தெட்டுக் கிலோ கொழுந்து எடுத்துச்சு. அடுத்த மாசமே நாள் பேருக்கு, முழுச் சம்பளத்துக்கு, எல்லாருக்கும் ரெண்டு கிலோ கூட்டிட்டாங்க. நான் அர மணின்னா, நாளைக்கிக் கா மணி கேப்பாங்க."

அந்த ரெண்டு கிலோவை மருதாயியும் சுமந்தவள்.

கூட்டத்தில் நின்ற மற்ற மூன்று ஊழியர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். அவர்களும் இருபத்தொன்றையே தூக்கினார்கள். "ஒருமித்த கருத்து!" என்று நிரஞ்சன் பூரித்தார். கக்கூசு வேலை மொத்தத்துக்கும் எண்பத்துநாலு நாள் விதிக்கப்பட்டது. படம் மேசை லாச்சிக்குள் போனது.

மழை பிடித்தது. பெண்களால் பொறுக்க முடியவில்லை. பௌர்ணமிப் போயாவும் ஞாயிறும் அடுத்தடுத்து வந்த லீவில், மருதாயி முன்னே நிற்க, குழி வெட்டிப் பலகை போட்டுப் பழைய தகரத்தால் மறைத்துக் கக்கூசை எழுப்பிவிட்டார்கள்.

நிரஞ்சன் நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தார். "எத்தன நாள் எடுத்திச்சு?"

ரெண்டு நாள் என்றால், இனி ஒவ்வொரு லயத்திலும் பெண்களே ரெண்டு நாளில் வெட்டட்டும் என்பார்கள். இது மருதாயிக்குத் தெரியாதா?

"மூணு மாசமாச்சுங்க சேர்."

அலுவலகம் திறந்தே ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. கணிப்பு பலித்த மகிழ்ச்சியில் நிரஞ்சன் அதைக் கவனிக்கவில்லை. கீழ் லயத்துக்கும் மூன்று மாதம் என்று உத்தரவானது. அதற்கு முன் முடிந்தால், தரமற்றதென்று இடிக்கப்படும்.

கீழ் லயத்தில்தான் மருதாயியின் மகள் பிரேமலதா வாழ்க்கைப்பட்டிருந்தாள். வயிற்றில் எட்டு மாதம். தேயிலைக்குள் ஒதுங்க வழுக்கும் சரிவில் தினமும் இறங்கி ஏறினாள்.

"அம்மா, நெசமா எத்தன நாள்ல கட்டுனீங்க?"

மருதாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். அலுவலகத்து ஆள் ஒருவரும் இல்லை. ஆனாலும் வாயை விட்டால், அந்த ரெண்டு நாளும் எல்லார் தலையிலும் இன்னொரு ரெண்டு கிலோவாக ஏறிவிடும்.

"மூணு மாசம்டி," என்றாள்.