ஒரு பால் பாத்திரமும் இரண்டு சம்பந்திகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரே தூங்குகிற நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடு. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீயும் அத்தானும் சௌக்கியம்தானே? இங்கும் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் என் மாமியாரும் வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முதுகுவலி, குழந்தையைத் தூக்க முடியாது. அத்தை தூக்குவார், ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். ரெண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் கணக்கு. ஒருவர் கிளம்பினாலும் என் வேலை போச்சு. கிளப்பிவிடப் பார்ப்பது வேறு யாருமில்லை, காபியும் டீயும்தான்! அம்மாவுக்குக் காய்ச்சின முதல் பாலில் கள்ளிச்சொட்டாகக் காபி வேண்டும். அத்தைக்கு அதே பால் டீத்தூளோடு கொதிகொதியென்று கொதிக்க வேண்டும். "என்ன சம்பந்தி, இது டீயா கஷாயமா?" என்பாள் அம்மா. "உங்க காபி மட்டும் என்னவாம், தொண்டைக்கு எட்டறதுக்குள்ள டம்ளர் காலி" என்பார் அத்தை. யார் முதலில் எழுகிறாரோ அவருக்கே பால் பாத்திரம் என்றாகி, பால்காரர் வருவதற்கு முன்பே ரெண்டு பேரும் வாசலில் நிற்கிறார்கள். என் வீட்டுக்காரரோ நைசாக, "எனக்கு வெந்நீர் போதும்"னு குளியலறையில் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். நேற்று அம்மா, "நான் பெரியவ வீட்டுக்கே போறேன், அங்கயாவது மனுஷங்க காபி குடிப்பாங்க" என்று பையைத் தூசி தட்டினாள். அத்தையும் சும்மா இருப்பாரா, கட்டிலுக்கடியிலிருந்து தன் பையை இழுத்தார்.

சரி, நாமே ரெண்டையும் போட்டு வைத்துவிடலாம் என்று இன்று அவர்களுக்கு முன்னால் எழுந்து, இருந்த பாலை அடுப்பில் வைத்தேன். இடுப்பில் பாப்பா ஒரே சிணுங்கல். தூக்கக் கலக்கத்துல டிகாஷனைத் தூக்கிக் கொதிக்கிற டீயிலயே ஊத்திட்டேன் அக்கா! வேற பாலும் இல்லை. பார்த்தா சேத்துத் தண்ணி மாதிரி இருக்கு. ரெண்டு டம்ளர்ல ஊத்தி மூடி வெச்சுட்டு ஓடிவந்து போர்வைக்குள்ள புகுந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல அம்மா குரல்: "அடடா, திடமா இருக்கே சம்பந்தி!" உடனே அத்தை: "மணத்தைச் சொல்லுங்க! உங்க கைப்பக்குவமே தனி." அவங்க போட்டதுன்னு இவங்களும், இவங்க போட்டதுன்னு அவங்களும் நினைச்சுட்டாங்க! சும்மா வர்ற நல்ல பேரை யார் வேண்டாம்னு சொல்லுவா? பகல் பூரா ஒரே கொஞ்சல். ஆனா நாளைக்கு? தினமும் அந்தச் சேத்துத் தண்ணியை நானே திருட்டுத்தனமாப் போடணுமா? உண்மையைச் சொன்னா ரெண்டு பையும் மறுபடி வெளிய வந்துடாதா?

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தங்கை

பி.கு.: மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடு. பாப்பாவுக்கு வெந்நீர் வைக்கப் போனா, அடுப்படி வாசல்ல ரெண்டு பேரும் காவல். "நீ போட்டதுன்னு முதல் வாய்லயே தெரிஞ்சுது. தூக்கம் கெட்ட பொண்ணு, மனசு நோகக் கூடாதேன்னு உன் காதுல விழற மாதிரி புகழ்ந்தோம்"ங்கிறார் அத்தை. "அதுக்காக நாளைக்கும் குடிக்க முடியுமா? உள்ள வராதே"ங்கிறா அம்மா. ரெண்டு பேரும் போகப்போறதில்லையாம், பால் ரெண்டு பாத்திரமாம். விடிஞ்சதும் எனக்கும் போட்டுத் தருவாங்களாம். காபியா, டீயான்னு ரெண்டு முகமும் என்னையே பார்க்குது. நான் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் பதில் எழுது.