நிர்தூமானந்தரின் புகையில்லாக் குண்டம்

மூன்று வாரமாகக் கரமனை அக்கிரகாரத்தில் வேறு பேச்சே கிடையாது. தேர்தல் பின்னால் போயிற்று, மழை பின்னால் போயிற்று. எல்லோர் வாயிலும் சுவாமி நிர்தூமானந்தரின் புகையில்லாக் குண்டம்தான்.

விஷயம் இதுதான். கொல்லையில் வைக்கிற எஃகுக் குண்டம். பார்க்க வயிறு பருத்த அண்டா மாதிரி இருக்கும். விறகு போட்டால் எரியும், புகை வராது. ஹோமம் என்றாலே கண்ணைக் கசக்கிக்கொண்டு, சுவரோடு சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டாரிடம் வசவு வாங்கும் எங்களுக்கு இது பெரிய வரம். சாமான் நல்ல சாமான். கோளாறெல்லாம் கூடவே வந்த சாமியாரிடம்தான்.

வீட்டில் எல்லோரும் சுத்தமானவர்கள் என்றால் குண்டம் புகையாதாம். தோஷமுள்ள ஆள் பக்கத்தில் வந்தால் புகையுமாம். அந்த ஆளை விலக்கிவிட்டுப் பரிகாரம் செய்ய வேண்டுமாம். குண்டம் பதினெட்டாயிரம், பரிகாரம் தனி. படித்தவர்கள் தெரு அல்லவா, வரிசையில் நின்று பெயர் கொடுத்தோம். ஆமாம், நானும்தான்.

ஆள் தராதரம் தெரிந்த குண்டம் அது. தெற்கு வரிசையில் ரெஷ்மா என்ற புது மருமகளைக் கண்டு புகைந்தது. மூட்டை கட்டிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் வாடகைக்காரரைக் கண்டு புகைந்தது. வீட்டுச் சொந்தக்காரர் எவரைக் கண்டும் அது ஒருநாளும் புகைந்ததில்லை.

ஞாயிறு காலை பிச்சுமணி வீட்டு முறை. தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஊரார் கணக்கில் ஓட்டை தேடியே தலை நரைத்தவர், சாமியாரிடம் மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கொல்லை நிறையக் கூட்டம். சாமியார் சிவப்புப் பையிலிருந்து குச்சிகளை எடுத்துப் போட்டார். தீ தகதகவென்று எரிந்தது. பொட்டுப் புகை இல்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அப்போது பாத்திரம் தேய்க்க மாடம்மாள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவள். சாமியாரின் கை மஞ்சள் பைக்குப் போயிற்று. நாலு குச்சி விழுந்ததுதான் தாமதம், குபுகுபுவென்று புகை.

இந்தக் கால் இந்த வீட்டை மிதிக்கும்வரை வீடு விளங்காது என்றார் சாமியார். பிச்சுமணியின் மனைவி ஜெயலக்ஷ்மி மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. நாளை முதல் வர வேண்டாம் என்று மாடம்மாளிடம் சொல்லிவிட்டாள். எங்கள் தெருவில் மாடம்மாளுக்கு நாலு வீட்டு வேலை. ராசியில்லாதவள் என்று பெயர் விழுந்தால் நாலும் போகும். அவள் மகள் ஷிஜாவின் நர்சிங் படிப்பு அந்த நாலு வீட்டை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாடம்மாள் அழவில்லை. குனிந்து குண்டத்துக்குள் பார்த்தாள்.

“இந்தக் குச்சி நுனியில நுரை தள்ளுது, பாத்தியளா? நான் போனக்காட்டு எஸ்டேட்ல, கூலிக்காரங்க லயத்துல பொறந்தவ. மழையில நனைஞ்ச விறகை ஊதி ஊதித்தான் அங்க கஞ்சி வச்சோம்.”

அது தோஷத்தின் நுரை என்றார் சாமியார். அவள் அவரைச் சட்டையே செய்யவில்லை. பிச்சுமணியிடம் திரும்பினாள்.

“சாரே, செவப்புப் பை விறகை நீங்களே போடுங்க. நான் பக்கத்துல நிக்கேன். பின்ன நாங்க எல்லாரும் தெருவுக்குப் போறோம், சாமி நிக்கட்டும். அப்பம் மஞ்சப் பை விறகைப் போடுங்க.”

புனிதமான பை, பிறர் கை படக்கூடாது என்று சாமியார் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டார். முப்பது வருஷம் தணிக்கை செய்தவருக்கு அந்த அணைப்பின் அர்த்தம் தெரியாதா? பிச்சுமணி கையை நீட்டிப் பைகளை வாங்கிக்கொண்டார். புகைகிற குச்சிகளை இடுக்கியால் எடுத்து வெளியே போட்டார். சிவப்புப் பை விறகைப் போட்டார். மாடம்மாள் குண்டத்தை ஒட்டி நின்றாள். புகை இல்லை.

பிறகு நாங்கள் தெருவுக்கு வந்தோம். கொல்லையில் பிச்சுமணியும் சாமியாரும் மட்டும். மஞ்சள் பை விறகு விழுந்தது. ஓட்டுக்கு மேலே புகை எழும்பியது. ஓடிப் போய்ப் பார்த்தால் சாமியார் இருமிக்கொண்டிருந்தார்.

“இப்போ தோஷம் யாருக்கு ஓய்?” என்று பிச்சுமணி நிதானமாகக் கேட்டார்.

மஞ்சள் பையைக் கொட்டினோம். காலையில் வெட்டிய பச்சை ரப்பர்க் கம்பு, பால்கூடக் காயவில்லை. குண்டத்தையும் சோதித்தோம். இரட்டைச் சுவர். கீழ்த் துளைகளில் நுழையும் காற்று சுவர்களுக்கு இடையே சூடாகி, மேல் துளைகள் வழியாக வந்து புகையையும் எரித்துவிடுகிறது. சிவப்புப் பையில் இருந்ததுபோல் காய்ந்த விறகு போட்டால் போதும், பச்சை விறகு போட்டால்தான் புகையும். எந்தப் பட்டறைக்காரனோ மூளையைச் செலவழித்துச் செய்தது. நாங்கள் எங்கள் மூளையைப் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தோம். திரும்பிப் பார்த்தால் சாமியார் வேன் ஏறிவிட்டார், பரிகாரம்கூடச் செய்யாமல்.

நாளைக்கு வழக்கம்போல வந்துவிடு என்று மாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வருவேன் அம்மா, வராம எங்க போக? என்னைப் பதினோரு வருஷமா தெரியும் உங்களுக்கு. அவரை மூணு வாரமா தெரியும். ரெண்டு பேர்ல ஆரை நம்பணும்னு ஒரு அடுப்புக்கிட்ட போய்க் கேட்டுட்டியளே.”

மாமி விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். நாங்களும் ஒவ்வொருவராக நழுவினோம், அத்தனை பேரும் பட்டதாரிகள். நீங்களும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசியுங்கள்: உங்கள் வீட்டில் யாரை, எந்த அடுப்பின் பேச்சைக் கேட்டு வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்?