நான் தேர்ந்தெடுத்த டாடோ பிளேடு

டாடோ பிளேடு வாங்காமல் இந்த வீட்டில் ஒரு பலகையும் அறுபடாது என்று நான் சபதம் போட்டேன். போட்ட இடம் அடுக்களை. கேட்டவள் என் மனைவி சுபலட்சுமி. கேட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். சங்கரன்கோவிலில் எனக்கு ஆபீஸ் வேலை. வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம் மாடில்லாமல் கிடந்தது. அதில் ஒரு டேபிள் சா வாங்கிப் போட்டிருக்கிறேன். இரும்பு மேஜை, அதன் நடுவில் எட்டிப்பார்க்கும் வட்ட ரம்பம். அந்தத் திமிர் சும்மா இருக்குமா? மச்சினன் சிவகணேஷ் திருவேங்கடத்தில் வீடு கட்டுகிறான் என்றதும், பூஜை அலமாரி என் கையால்தான் என்று மாமனார் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். ஆவணியில் பால்காய்ப்பு. வெறுங்கையோடு போய் நின்றால் அந்த வீட்டில் ஆயுசுக்கும் நான் வாய்ச்சவடால்தான்.

அலமாரித் தட்டு உட்காருவதற்குப் பலகையில் பள்ளம் எடுக்க வேண்டும். காடி என்பார்கள். சாதா பிளேடு கோடுதான் போடும். டாடோ செட் என்பது நாலைந்து பிளேடுகளை ஒன்றாகச் சேர்த்து மாட்டுவது. ஒரே தள்ளு, முழு அகலத்துக்குக் காடி விழுந்துவிடும். ஒற்றைப் பிளேடே கோணலாக ஆடிக்கொண்டு சுற்றும் வகையும் உண்டு. கல்யாண வீட்டுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டு வரும் சித்தப்பாவிடம் குத்துவிளக்கைக் கொடுத்த மாதிரி எனக்கு அதன்மேல் ஒரு பயம். சரி, அடுக்கு செட் என்றால் ஆறு இஞ்சா, எட்டு இஞ்சா? எத்தனை பல்?

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. இணையத்தில் அஞ்சு ஸ்டார் போட்டவன் கடைக்காரனுக்கு மச்சானாக இருப்பான். ஒரு ஸ்டார் போட்டவன் எதிர்க்கடைக்காரனுக்கு மச்சான். மூணு ஸ்டார்காரன் இரண்டு பக்கமும் வாங்கித் தின்றவன். இப்படியே சித்திரை போயிற்று, ஆனியும் போயிற்று.

"ஆடித்தபசே முடிஞ்சாச்சு. இன்னும் எத்தன பிளேடு பாப்பீங்க?" என்றாள் சுபா.

"சும்மா இருட்டி. அவசரப்பட்டு வாங்குற சாமானா அது?"

"நீங்க பிளேடு வாங்கல. பிளேடு போடுதீங்க."

அதோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். அங்கேதான் எனக்கு இடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு பேச்சையும் பாதியில் விட்டதில்லை.

அந்த வாரமே தொழுவத்தில் புது மரத்தூள் பார்த்தேன். யாரோ கூட்டிவிட்டு மூலையில் கொஞ்சத்தை மறந்திருந்தார்கள். நானோ மெஷினைத் தொட்டே பல நாளாயிற்று. ஓடிப்போய்ப் பலகைகளை எண்ணினேன். சுவரோரம் சாத்தியது சாத்தியபடி எல்லாம் இருந்தன. சுபாவிடம் கேட்டால், செல்லு அரிச்சிருக்கும் என்று கரையான்மேல் பழியைப் போட்டுவிட்டு முருங்கைக்கீரையை உருவினாள். அவளைச் சந்தேகப்பட வழியில்லை. மெஷின் உறுமினாலே காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறவள்.

அப்படியானால் ரிபாயிதான். அடுத்த தெருவில் மரப்பட்டறை வைத்திருக்கும் ரிபாயி. நேரே போய், நம்ம மெஷின்ல ஏதும் வேல பாத்தீங்களா பாய் என்று கேட்டேன். என் பட்டறையிலேயே ரெண்டு மெஷின் கெடக்கு, உங்க மெஷின வச்சு எனக்கு என்ன வேல சார் என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பொறி வைத்தேன். மறுநாள் காலையில் மெஷினிலிருந்து பிளேடைக் கழற்றினேன். துண்டில் சுற்றினேன். சாப்பாட்டுப் பையில் போட்டு ஆபீஸுக்கே கொண்டுபோய்விட்டேன். பை கனக்கிறதே என்றார் மேனேஜர். சாப்பாடு சார் என்றேன். அன்றைக்குப் பார்த்து அவர் ஒரு வாய் கேட்டுவிடுவாரோ என்று மத்தியானம் வரைக்கும் எனக்கு உயிர் இல்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் முன்னைவிடக் கூடுதலாகத் தூள். பிளேடு என் பையில் இருக்கிறது. பல் இல்லாத மெஷின் பலகையைத் தின்றிருக்கிறது. தூளுக்குள் ஒரு துண்டு மரம் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். விரலகலத்துக்குக் காடி. அடி மட்டமாக, ஓரம் பிசிறில்லாமல், ஒரே தள்ளில் விழுந்த காடி. இத்தனை மாதமாக நான் போனில் மட்டும் பார்த்து ஏங்கிய காடி.

அதை அடுக்களைக்குக் கொண்டுபோய் நீட்டினேன். "இதுவும் செல்லா?"

சுபா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெரிய செல்லா இருக்கும்" என்றாள்.

மறுநாளும் பிளேடோடு போனேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் திரும்பினேன். சந்து முனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. ரிபாயியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று தொழுவத்துக் கதவைத் தள்ளினேன்.

சேலையைத் தூக்கிச் செருகி, தூளுக்குப் போடும் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தாள் சுபலட்சுமி. பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி. நான் சுவரோரம் எண்ணி வைத்த பலகைகள் அன்று என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எல்லாவற்றிலும் காடி. இத்தனை நாளும் காடி வெட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கச் சாத்தியிருக்கிறாள். எண்ணிய பாவி நான் ஒன்றையாவது திருப்பிப் பார்த்தேனா?

அவள் பதறவில்லை. பலகை முழுவதும் போன பிறகுதான் மெஷினை நிறுத்தினாள்.

"டாடோ செட் ஏது?"

"வாங்குனேன். இந்த மெஷின்ல பிளேடு மாட்டுத தண்டு குட்ட, அதுக்கு எது சேரும்னு ரிபாயி அண்ணன்ட்ட கேட்டேன். சொன்னாரு. வாங்கிட்டேன்."

"ஒரே ஆள்கிட்ட கேட்டா? உனக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு. உங்க மேல மட்டும்."

காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே என்றேன். சத்தத்துக்கு ஓடவில்லையாம். மெஷினை நான் போட்டால் அடுத்து பிளேடைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேனாம், அதற்குத்தான் ஓடினாளாம்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும்" என்றாள். "நீங்க சந்தேகத்துல ரெண்டு தடவ இறுக்குத நட்டு எனக்குக் கழற மாட்டேங்குது. அதுக்குன்னு ரிபாயி அண்ணன் காலையில வந்து உங்க பிளேட கழத்தி, சாயங்காலம் மாட்டிட்டுப் போனாரு. நேத்துலருந்து நீங்களே கழத்திட்டுப் போறீங்க. அவருக்கு அலைச்சல் மிச்சம். நாளைக்கும் மறந்துராதீங்க."

மறக்கவில்லை. அலமாரி முடியும்வரைக்கும் தினமும் பிளேடோடுதான் ஆபீஸ் போனேன். வேறென்ன செய்ய? மானம் போகாமல் இருக்க எனக்கு அந்த அலமாரி வேண்டும். நீங்க செஞ்சதாவே இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அங்கேதான் எனக்கு மறுபடியும் சந்தேகம்.

பால்காய்ப்பு அன்று பூஜை அறையில் அலமாரி ஜம்மென்று நின்றது. மாமனார் தடவிப் பார்த்தார். சின்ன மாமனார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுபா ஒரு ஓரமாக, பால் டம்ளர்களை நீட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளாக நின்றாள். சத்தியமாக அந்த நிமிஷம் அவளைச் சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டேன்.

அப்போதுதான் சிவகணேஷ் வந்தான். "அத்தான், நானும் ஒரு மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். இதுக்கு என்ன பிளேடு மாட்டுனீங்க?"

மொத்தக் கூட்டமும் என் வாயைப் பார்த்தது. பிளேடு! சித்திரையிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது. பெட்டி சிவப்பு. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பேர் என்ன, எத்தனை இஞ்சு, எத்தனை பல், எதையும் நான் பார்க்கவில்லை. உலகத்தில் எனக்குத் தெரியாத ஒரே டாடோ பிளேடு அதுதான்.

திறந்த வாயோடு சுபாவைப் பார்த்தேன். அவள் கடைசி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏலே, எத வாங்கணும்னு என்கிட்ட கேளு. எத வாங்கக்கூடாதுன்னு வேணா அத்தான்கிட்ட கேளு. சாயங்காலம் வரைக்கும் சொல்லுவாக."